மேய்ச்சல் நிலம் யாருக்கு?

(குன்றத்தூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ், பஞ்சப்படி என்று பேசிப் பழகிய மேடையில் இன்று புல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பின்வரிசையில் இருக்கும் வாலிபத் தோழர்கள் சிலர் சிரிக்கிறார்கள். முன்வரிசையில் இருக்கும் தாய்மார்கள் சிரிக்கவில்லை. காலையில் எழுந்ததும் "இன்றைக்கு மாட்டை எங்கே கட்டுவது?" என்று யோசிக்கிறவர்கள் அவர்கள்தான்.

நிலமில்லாத விவசாயத் தொழிலாளியின் வீட்டுப் பசு எதைத் தின்கிறது என்று கேட்டுப் பாருங்கள். முன்பு அறுப்புக்குப் போனால் கூலி நெல்லோடு இரண்டு கட்டு வைக்கோலும் வந்தது. இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்குகிறது. பின்னாலேயே வைக்கோலைச் சுருட்டிக் கட்டுகிற இயந்திரம் வருகிறது. கட்டுகள் லாரி ஏறி விற்பனைக்குப் போய்விடுகின்றன. வரப்புப் புல் அறுக்கலாம் என்றால் வயலே மனைக்கட்டாகி விட்டது. காட்டோரம் ஓட்டலாம் என்றால் அதுவும் அடைபட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் காடுகள் எல்லாவற்றிலும் மாடு மேய்க்கத் தடை போட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகு, அதே மாதத்திலேயே, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிக் காப்பகம் என்ற அளவுக்கு அந்தத் தடை சுருங்கியது. கடைசியில் நம் மாடு நிற்பது எங்கே? நெடுஞ்சாலை நடுத்திட்டில்! குப்பைத் தொட்டியின் பக்கத்தில்! பிளாஸ்டிக் பையைத் தின்று வயிறு உப்பிச் சாகிறது. "மாட்டைத் தெருவில் விட்டார்கள்" என்று அபராதச் சீட்டு மட்டும் தவறாமல் வந்து சேர்கிறது.

"எனக்கு மாடு இல்லை, நான் ஒரகடத்தில் வேலை செய்கிறேன்" என்று சொல்லும் தோழருக்கும் ஒரு வார்த்தை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான வாலிபர்களும் யுவதிகளும் ஊருக்குத் திரும்பினார்கள். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் நின்றுபோன மாதத்தில் உலை எதனால் எரிகிறது? அம்மா கறக்கிற இரண்டு லிட்டர் பாலால் எரிகிறது. கதவடைப்புச் செய்யும் முதலாளிக்குப் பணமூட்டை இருக்கிறது; நமக்குக் கொல்லையில் ஒரு பசுவும் நாலு ஆடும் இருக்கின்றன. ஆகவே புல் தொழிற்சங்கப் பிரச்சினையும்கூட.

இனி நிலத்துக்கு வருவோம்.

ராஜராஜ சோழன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி விதிக்கப்படாத நிலங்களின் பட்டியல் இருக்கிறது. சுடுகாடு, ஊர் நத்தம், சேரிகள் இவற்றோடு "கன்றுமேய்பாழ்" என்று ஒன்றும் எழுதப்பட்டிருக்கிறது. கன்று மேய விட்ட நிலத்துக்கு வரி கிடையாது! ராஜாவைப் புகழ நாம் இதைச் சொல்லவில்லை. அவன் காலத்திலும் சேரி சேரியாகத்தான் இருந்தது. ஆனால் ஊருக்கென்று ஒரு மேய்ச்சல் வெளி வேண்டும் என்பது ஆயிரம் வருஷத்துக்கு முன்பே எழுதி வைக்கப்பட்ட சங்கதி. இந்தக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பாடிய நாயன்மார்களில் மாடு மேய்த்தவர்களும் உண்டு. ஆனாயர் குழலூதி மேய்த்தார். சண்டேசுரரோ, இடையன் பசுவை அடிப்பதைக் கண்டு பொறுக்காமல் ஊர்ப் பசுக்கள் அத்தனையையும் தாமே மேய்க்க ஏற்றுக்கொண்டவர். மந்தை ஊருடையது, மேயும் வெளியும் ஊருடையது என்பதை வைத்துத்தான் அந்தக் கதையே நடக்கிறது.

வெள்ளைக்காரன் வந்தான். வரி கொடுக்கிற நிலம் ஒரு கணக்கு, கொடுக்காதது இன்னொரு கணக்கு என்று பிரித்தான். கணக்குக்குப் புறம்பாகப் போனது புறம்போக்கு. இன்று அந்தச் சொல்லை வசவாகவே ஆக்கிவிட்டார்கள். வரி தராத நிலத்தையும் வசதி இல்லாத மனிதனையும் ஒரே சொல்லால் ஏசுகிற நாகரிகம் இது!

நம் செங்கல்பட்டு ஜில்லாவின் கதை இன்னும் கசப்பானது. இங்கே மிராசுதார்கள் விளைநிலத்தோடு தரிசும் மேய்ச்சலும் தங்கள் மிராசு உரிமை என்று பிடித்துக்கொண்டார்கள். பண்ணையாள் ஒருவன் தரிசில் ஒரு துண்டு கேட்டால் விடமாட்டார்கள். இதைக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் அறிக்கையாக எழுதினார். அடுத்த வருஷம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கச் சர்க்கார் உத்தரவு வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். அந்த நிலம் பின்னால் யார் யார் கைக்குப் போயிற்று என்பதும், அதை மீட்கக் கேட்டு 1994 அக்டோபரில் காரணையில் போராடியவர்களில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானதும் நீங்கள் அறிந்ததே.

இந்த மேய்க்கால் புறம்போக்கு இன்று சட்டப்படி யார் பொறுப்பில் இருக்கிறது? 1994ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிச் சட்டத்தின் 134ஆம் பிரிவைப் பாருங்கள். சர்க்கார் வேறு காரியத்துக்கு ஒதுக்காத மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, மந்தைவெளி, வண்டிப்பாதை, தோப்பு ஆகியவை ஊராட்சியைச் சேரும் என்கிறது. தோழர்களே, "சர்க்கார் வேறு காரியத்துக்கு ஒதுக்காத" என்ற வார்த்தைகளைக் கவனியுங்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் எத்தனையோ ஊர்களின் மேய்க்கால் நழுவிப் போயிற்று. மீதி இருப்பதும் ஊர் கண்ணுக்கு "ஒன்றுக்கும் உதவாத முள்ளுக்காடு". உதவாத நிலம் என்று பெயர் வாங்கிவிட்டால் அதை எடுத்துக்கொள்கிறவனைக் கேட்க ஆள் இருக்காது. ஆகையால் அங்கே மறுபடி புல்லை முளைக்க வைப்பதே நிலத்தைக் காக்கிற முதல் வேலை.

புல் எப்படிப் போயிற்று? மாடு தின்று தீர்த்துவிட்டது என்று அதிகாரிகள் சொல்வார்கள். பாதி உண்மை. மாடு முதலில் ருசியான கொழுக்கட்டைப் புல்லைத் தேடிக் கடிக்கிறது. துளிர் விட்டதும் மறுபடி கடிக்கிறது. புல்லின் சேமிப்பு வேரில் இருக்கிறது. அந்தச் சேமிப்பு நிறையும் முன் மறுபடி மறுபடி கடித்தால் வேர் செத்துப்போகும். இரவு ஷிப்டு முடித்தவனை வீட்டுக்கு அனுப்பாமல் பகல் ஷிப்டிலும் நிறுத்தினால் எத்தனை நாள் தாங்குவான்? அதே கதை. நல்ல புல் போன இடத்தில் துடைப்பப் புல்லும் ஊசிப் புல்லும் ஏறுகின்றன. அப்புறம் மாடு வாய் வைக்காத ஆவாரையும் எருக்கும். கடைசியில் மண் இறுகி மேலே ஏடு கட்டிவிடும். மழை உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும். 2015 டிசம்பர் முதல் தேதி இரவில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது நமக்கு மறக்குமா? மதகைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள். ஏரிக்கு மேலே இருக்கும் மேட்டு நிலங்கள் புல்லை இழந்து சிமென்டாக மாறிய கதையைப் பேசியவர்கள் குறைவு.

இதன்மேல் வேலிகாத்தான். சீமைக் கருவேலம் என்பதும் அதுதான். 1877 வாக்கில் வெள்ளைக்காரனுடைய வனத்துறை, விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாகச் சென்னை மாகாணத்துக்கு விதை வரவழைத்தது. மாடு காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பியது. அதன் நிழலில் புல் எழும்பாது. 2022இல் தமிழ்நாடு சர்க்கார் அன்னியக் களைச் செடிகளை அகற்றுவதற்குக் கொள்கை அறிவித்தது. நல்லது. ஆனால் வேலிகாத்தானை வெட்டிக் கரி சுட்டுப் பிழைக்கிறவர்களும் நம் வர்க்கம்தான். இயந்திரத்தைக் கொண்டு வந்து ஒரே நாளில் பிடுங்கிவிட்டு மரத்தைக் காண்டிராக்டர் ஏற்றிக்கொண்டு போனால், ஏழை கையில் இருந்த விறகும் போயிற்று, கூலியும் போயிற்று. ஊரக வேலைத் திட்டக் கூலியில் உள்ளூர் ஆட்களே வேரோடு தோண்ட வேண்டும்; கட்டை தோண்டியவர்களுக்கே சேர வேண்டும். வேரோடு தோண்டாமல் மேலே வெட்டினால் மறுமழையில் நாலு கிளையாய் வரும்.

முள் போன பிறகு என்ன செய்வது? "டிராக்டர் விட்டு எல்லாவற்றையும் உழுது போடலாமே" என்று ஒரு தோழர் கேட்டார். வேண்டாம். அமெரிக்காவின் புல்வெளிகளை உழுதார்கள். 1930களில் மண் புழுதியாய்ப் பறந்தது. சோவியத் நாட்டிலேயே 1954 முதல் கஜகஸ்தானத்துப் புல்வெளிகளைப் பெருமளவில் உழுது கோதுமை போட்டார்கள். முதலில் நல்ல விளைச்சல் கண்டார்கள். 1960களின் தொடக்கத்தில் அங்கும் காற்று மண்ணை வாரிக்கொண்டு போயிற்று. நண்பர்கள் பட்ட பாட்டிலிருந்தும் பாடம் கற்கத்தான் வேண்டும். வெறும் திட்டுகளை மட்டும் கொத்திக் கிளறி விதை போட்டால் போதும்.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் மானாவாரிக்குச் சொல்வது கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும். கொழுக்கட்டைப் புல் நம் மண்ணின் புல். முயல் மசால் அயல்நாட்டுப் பயறு வகை. காற்றிலுள்ள தழைச்சத்தைத் தன் வேர் முடிச்சில் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். அந்த விதையின் தோல் தடிமனானது. கொதித்து இறக்கிய வெந்நீரில் நாலு நிமிஷம் போட்டு, பிறகு இரவு முழுதும் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்தால்தான் சீராக முளைக்கும். இறைத்து விதைப்பதானால் ஏக்கருக்கு நாலு கிலோ. வடகிழக்குப் பருவமழைக்கு முன் போட்டுவிட வேண்டும். அந்த முதல் மழைக்காலம் முழுதும் ஒரு கால்நடையும் உள்ளே இறங்கக் கூடாது. அதற்கு ஊர் கட்டுப்பட வேண்டும். புல் வளர்ப்பதில் கஷ்டமான வேலை இது ஒன்றுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

உரம் போடலாமா? போடலாம், அளவோடு. முயல் மசாலுக்குப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவை ஏக்கர் கணக்கில் பிரித்தால் யூரியா சுமார் 17 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 150 கிலோ, பொட்டாஷ் 10 கிலோ வருகிறது. யூரியா எவ்வளவு கொஞ்சம், சூப்பர் எவ்வளவு அதிகம் என்று பாருங்கள். மணிச்சத்து கிடைத்தால் பயறு செழிக்கும். பயறு தழைச்சத்தைத் தானே சம்பாதிக்கும். அந்த சூப்பர் பாஸ்பேட்டை இந்தியாவில் முதன்முதலாக 1906இல் நம் ராணிப்பேட்டையில்தான் செய்தார்கள். யூரியாவை அள்ளிக் கொட்டினால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற இடத்தில் 1856 முதல் ஒரே புல்வெளியைத் துண்டு துண்டாகப் பிரித்து, வேறு வேறு உரம் போட்டுப் பார்த்து வருகிறார்கள். உரமே போடாத துண்டில் நாற்பது வகைச் செடி வரை இருக்கிறது. அமோனிய உரத்தை ஏராளமாகக் கொட்டிய துண்டில் இரண்டு மூன்று வகைதான் மிஞ்சின. பச்சையாய், அடர்த்தியாய்த்தான் இருக்கும். ஆனால் பயறும் மூலிகையும் ஓடிப்போயிருக்கும். இன்னொன்றும் சொல்லி வைக்கிறோம். யூரியா மூட்டையை மாடு நக்கினால் செத்துவிடும். உரம் தூவிய துண்டில் மூன்று நாலு வாரம் மேய விடாதீர்கள்.

கடை உரத்தைவிடச் சிறந்த உரம் நடந்து வரும்! ஆட்டுக் கிடை மடக்குவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ராமநாதபுரத்துக் கீதாரிகள் மந்தையோடு வந்து வயலில் இரவுக்கு இரவு இடம் மாற்றிக் கிடை போடுவார்கள். விவசாயி கூலி கொடுப்பான். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று பழமொழியே உண்டு. வயலுக்குச் செய்ததை மேய்க்காலில் மொட்டையாய்க் கிடக்கும் திட்டுகளுக்குச் செய்யுங்கள். குளம்பு ஏட்டை உடைக்கும், புழுக்கை விதையையும் எருவையும் போடும், மூத்திரம் தழைச்சத்தைத் தரும். கால்நடை தின்ற தழைச்சத்தில் பெரும்பங்கு சாணமாகவும் மூத்திரமாகவும் திரும்ப வெளியே வந்துவிடுகிறது. நாம் செய்ய வேண்டியது அது தார் ரோட்டில் விழாமல் புல்லில் விழப் பார்த்துக்கொள்வதுதான்.

மேய்ச்சலே புல்லைக் கெடுத்தது. மேய்ச்சலே புல்லைத் திருத்தவும் செய்யும். இதை விஞ்ஞானமாக எழுதியவர் பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே வுவாசான். தம் பசுக்களின் பின்னால் நடந்து, புல் எத்தனை நாளில் எவ்வளவு வளர்கிறது என்று பார்த்து எழுதியவர். ஒரு துண்டில் மந்தை சில நாள் மட்டும் நிற்க வேண்டும். ஒரே புல்லை இரண்டாம் முறை கடிக்கும் முன் கிளம்பிவிட வேண்டும். புல் முழுதாய்த் தேறும் வரை திரும்பி வரக் கூடாது. மழைக்காலத்தில் சீக்கிரம் வரலாம், கோடையில் தாமதிக்க வேண்டும். உரத்தை மிதமிஞ்சிப் போட்டால் மாட்டுக்கு நோய் வரும் என்று எச்சரித்தவரும் அவரே. புரட்சி செய்த கியூபா 1964 டிசம்பரில் அவரை அழைத்தது. ஹவானாவில் பேச வந்த இடத்திலேயே மாரடைப்பால் காலமானார். அந்த மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருக்கு வெகு காலம் முன்பே கொங்குநாட்டில் இந்த வித்தை நடந்துகொண்டிருந்தது. காங்கேயம், தாராபுரம், கரூர் பக்கம் கொரங்காடு என்பார்கள். முள்கிளுவையை நட்டு உயிர்வேலி போட்டு, நிலத்தைத் துண்டுகளாக்கி, கொழுக்கட்டைப் புல் வளர்த்து, நடுவில் வெள்வேல மரங்களை விட்டு வைப்பார்கள். ஒரு துண்டில் மேய்த்து, அடுத்த துண்டுக்கு மாற்றுவார்கள். கோடையில் வெள்வேலங்காய் தீனி. காங்கேயம் காளை வளர்ந்தது அந்தப் புல்லில்தான். அங்கே வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை. நமக்கு 1,200க்கு மேல். பாதி மழையில் அவர்கள் செய்வதை நாம் ஏன் செய்ய முடியாது? ஒரே ஒரு வித்தியாசம். கொரங்காடு சொந்தப் பட்டா நிலம். பட்டக்காரருக்கும் நிலக்கிழாருக்கும் வேலி போட்டுக் காக்கத் தெம்பிருந்தது. நம்முடையது பொது நிலம். அதற்கு வேலி நம் ஒற்றுமை.

ஆனால் ஒற்றுமை என்று சொல்லி முடித்துவிட முடியாது. கணக்குப் போடுவோம். முந்நூறு கிலோ எடையுள்ள பசு ஒரு நாளைக்குக் காய்ந்த கணக்கில் ஏழரை கிலோ தின்னும். ஏக்கருக்கு ஒரு டன் காய்ந்த புல் விளைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியை நிலத்துக்கு விட வேண்டும். மீதி 500 கிலோ ஒரு பசுவுக்கு 66 நாள். ஐம்பது ஏக்கர் மேய்க்கால் வருஷம் முழுதும் தாங்குவது ஒன்பது பசுவைத்தான்! புல்லைத் திருத்தி விளைச்சலை இரட்டித்தால் பதினெட்டு. ஊரில் நூறு மாடு இருந்தால்? அதில் முப்பது ஒரே பால் பண்ணைக்காரருடையதாக இருந்தால்?

நம்முடைய பதில் இது. முதல் உரிமை நிலமில்லாதவருக்கு. குடும்பத்துக்கு ஒரு பசு, அல்லது அதற்கு ஈடாக ஐந்தாறு ஆடு, கட்டணமில்லாமல். அதற்கு மேல் இடம் இருந்தால் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். அந்தப் பணத்தில் ஊர் மாடு மேய்ப்பவருக்கு மாதச் சம்பளம். பால் பண்ணைக்காரர் தம் நிலத்தில் தீவனம் போட்டுக்கொள்ளட்டும். "ஆட்டை விலக்கு, ஆடுதான் அழிவு" என்று நிபுணர்கள் சொல்வதை நாம் ஏற்கவில்லை. ஆடு ஏழையின் மாடு. சேரியில் ஆடு வைத்திருக்கும் விதவைத் தாயை வெளியே நிறுத்திவிட்டுப் புல்வெளி வளர்ப்போமானால் அந்த மேய்க்கால் மறுபடி மிராசுக்காரன் மேய்க்கால்தான். ஆட்டுக்கும் முறை வைத்தால் போதும்.

ஒரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். "புறம்போக்கை மீட்போம்" என்று நாம் குரல் கொடுத்தால் புல்டோசர் முதலில் எங்கே வரும்? புறம்போக்கை வளைத்துக் கட்டிய கல்லூரி மதிலுக்கா? வராது. ஓரத்தில் குடிசை போட்ட நம் ஜனங்களிடம்தான் வரும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடிசைகளைப் பிரித்துப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்களே, அது போல. ஆகவே உச்சநீதிமன்றம் 2011 ஜனவரி 28இல் ஜக்பால் சிங் வழக்கில் சொன்னதை முழுதாகப் படிக்க வேண்டும். ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊருக்கே கொடுக்க எல்லா மாநிலங்களும் திட்டம் போட வேண்டும் என்றது. அதே தீர்ப்பு, நிலமற்ற தொழிலாளர்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் சர்க்கார் முறைப்படி கொடுத்த இடத்துக்கு விதிவிலக்குச் சொல்கிறது. அதிகாரிகள் முதல் பாதியைத்தான் வாசிப்பார்கள். இரண்டாம் பாதியை நாம் வாசித்துக் காட்ட வேண்டும். குடிசைக்கு மனைப்பட்டா, மதிலுக்கு இடிப்பு. இந்த வரிசை மாறக் கூடாது.

செய்ய வேண்டிய காரியம் என்ன? குன்றத்தூர் 2021இல் நகராட்சி ஆகிவிட்டது. இங்கே கிராம சபை கிடையாது. வார்டு உறுப்பினரைப் பிடித்து நகராட்சி மன்றத்தில் கேள்வி எழுப்ப வேண்டும். சுற்றியுள்ள ஊராட்சிகளில் கிராம சபை உண்டு. மே முதல் தேதி, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26, மார்ச் 22. அதற்கு முன் ஒவ்வொரு ஊரிலும் இரண்டு தோழர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் "அ" பதிவேட்டில் மேய்க்கால் என்று எழுதப்பட்ட புல எண்களையும் பரப்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. எண்ணை எடுத்துக்கொண்டு ஊர்க்காரர்களோடு நிலத்தில் நடந்து பார்க்க வேண்டும்: எவ்வளவு முள், எவ்வளவு புல், எவ்வளவு மதில். ஆடு மாடு வைத்திருப்பவர்கள் பட்டியலைத் தாய்மார்கள் எழுதட்டும். நாம் எழுதினால் பாதி விட்டுப்போகும். தீர்மானத்தில் புல எண் இருக்க வேண்டும், மேய்ச்சல் முறை இருக்க வேண்டும், முதல் உரிமை யாருக்கு என்பது இருக்க வேண்டும். மழைக்கு முன் விதை போடுவதானால் ஆகஸ்ட் 15 சபையிலேயே இதை நிறைவேற்றியாக வேண்டும். எந்தெந்த ஊருக்கு யார் யார் போவது என்று இந்தக் கூட்டம் கலைவதற்கு முன்பே பெயர் கொடுத்துவிடுங்கள்.